எட்டு லிங்கம், பதினேழு நிறுத்தம்

1

போன செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து ஒரு விமானத் தபால் வந்தது. நீலத் தாளை மூன்று பக்கமும் ஜாக்கிரதையாகக் கிழித்துப் பிரித்தால் உள்ளே இரண்டே எண்கள். 8. அதற்குப் பக்கத்தில் 9. அவ்வளவுதான். ஒரு முழுத் தாளையும் வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டு எண்ணைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தவர் திருவண்ணாமலை மலையடியில், அடி அண்ணாமலை கிராமத்தில் இருக்கும் என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடிதம் எனக்கல்ல, பன்னிரண்டு வயதாகும் என் மகளுக்கு.

கடந்த மூன்று வருடமாக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். ஒவ்வொன்றிலும் 8, 8 என்றுதான் இருக்கும். ஒன்பது வருவது இதுவே முதல் தடவை.

"அப்பா, நைன்" என்றாள் மகள். அவள் குரல் சரியாக இல்லை. என் கையில் இருந்த டீயும் சரியாக இல்லை, பாதி சட்டையில் இருந்தது. நான் உடனே தொலைபேசியை எடுத்து இந்தியாவுக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தேன்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அப்படி என்ன குடிமுழுகிப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் இந்த நாட்டில் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். வந்த முதல் பத்து வருடம் நான் ஊரில் யாரிடமும் சொல்லாமல் மழுப்பிய விஷயம் அது.

2

1974-இல் இங்கிலாந்தில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டார்.

"சுரப்பி."

"எந்தச் சுரப்பி?"

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அதில் புடவை கட்டிய பெண்கள் நாலு பேர். நான் குரலைத் தாழ்த்தி, "புராஸ்டேட்" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் முறையும் விழவில்லை. மூன்றாம் முறை அந்தக் கூடம் முழுவதற்கும் விழுந்தது.

"அப்படியா? எங்க அப்பாவுக்குப் போன மார்ச்சில்தான் அதை எடுத்தாங்க. இப்ப ரொம்ப சௌக்கியமா இருக்கார்" என்று அவர் உரக்கச் சொல்லி முத்திரை குத்தினார். பக்கத்து மேசை அதிகாரி, தன் மாமனாருக்கும் அதே தொல்லைதான் என்றார். எங்கள் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டும் பேசாத விஷயத்தை இவர்கள் கல்யாண விருந்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப் பைக்கு அடியில், குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இளமையில் சாதுவாக இருந்துவிட்டு, வயதான காலத்தில் பலருக்குப் பருத்துக் குழாயை நெரிக்கும். எங்கள் ஆராய்ச்சி இதுதான்: எலியிடமிருந்து அந்தச் சுரப்பியை எடுத்து, அதன் செல்களுக்குள் இருக்கும் உட்கருவை மட்டும் தனியே பிரித்து, ஆண் ஹார்மோன் அதை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று அளப்பது.

சோதனையின் முதல் படி, எலியைக் காயடிப்பது. அதற்கு அரசாங்க உரிமம் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். முன் அனுபவம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ஊரில் ஒவ்வொரு கோடைக்கும் நைனா கன்றுகளைக் காயடிக்கும்போது நான்தான் கயிறு பிடிப்பவன். அதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்து, இல்லை என்று எழுதினேன். உரிமம் வர மூன்று மாதம் ஆயிற்று. எந்த உரிமமும் இல்லாமல் அத்தனை மாடுகளை முடித்துவிட்ட மனிதரை நினைத்துக்கொண்டே அந்த மூன்று மாதமும் குழாய் கழுவினேன்.

3

எனக்கு வேலை பழக்கியவள் டோரீன். ஆய்வுக்கூடத்தின் தலைமை டெக்னீஷியன், ஐம்பது வயதுக்காரி, பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் பேராசிரியரின் கட்டுரைகளில் உள்ள எண்களெல்லாம் அவள் கையிலிருந்து வந்தவை.

குளிர் அறைக்குள் நாலு டிகிரியில் நின்றுகொண்டு, கண்ணாடிக் குழாயில் சுரப்பித் துண்டுகளைப் போட்டு, உலக்கை மாதிரி ஒரு தண்டை விட்டு மேலும் கீழும் இழுப்பாள். சரியாகப் பத்து இழுப்பு. ஒன்பதில் நிறுத்தினால் செல் உடையாது. பதினொன்று போனால் உட்கருவும் சேர்ந்து உடைந்துவிடும். நான் இழுத்தால் எத்தனை இழுத்தாலும் கூழ்தான். அரைத்ததைக் கெட்டியான சர்க்கரைப் பாகின் மேல் ஊற்றி வேகமாகச் சுழற்றினால், செல்லின் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் மேலேயே தங்கிவிடும். உட்கரு மட்டும் பாகைத் துளைத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். ஒரு சிட்டிகை திருநீறு மாதிரி.

அந்தச் சிட்டிகையை நான் முதலில் பார்த்த நாளை மறக்க முடியாது. உடம்பு இல்லை, செல் இல்லை, சர்க்கரைத் தண்ணீர்தான் உலகம். இருந்தும் உட்கரு வேலை செய்துகொண்டிருந்தது. கச்சாப் பொருளைக் கொடுத்தால் ஆர்.என்.ஏ. இழைகளைத் தயாரித்தது. காயடித்த எலியினுடையது சோம்பிக் கிடக்கும். அதே எலிக்கு முன்பே ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் விறுவிறுவென்று செய்யும். ஊரைவிட்டுப் பிரிந்த உட்கரு நான்தான் என்று இந்த இடத்தில் எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். மாட்டேன். உட்கரு நாலு டிகிரிக் குளிரைத் தாங்கும். நான் பதினைந்து டிகிரியிலேயே கம்பளியைவிட்டு வெளியே வருவதில்லை.

முதல் வருடம் எனக்கு ஒரு மேதாவித்தனமான யோசனை தோன்றியது. எலிக்கு ஊசி எதற்கு, பிரித்தெடுத்த உட்கருவின் மேல் ஹார்மோனை நேராக விட்டால் என்ன? விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதம் விட்டுக்கொண்டே இருந்தேன். அளவைக் கூட்டினேன், குறைத்தேன், கெஞ்சினேன்.

டோரீன் ஒரு நாள் தேநீர் வேளையில் சொன்னாள் (அவளுக்கு எல்லோருமே 'லவ்'தான்): "அது தனியா உள்ளே போகாது, லவ். செல்லோட சாற்றில் ஒரு புரதம் இருக்கு. அது வந்து கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போகணும்."

"இதை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கலையே."

சாற்றைச் சேர்த்தேன். எண் ஏறியது. அன்று மாலை சந்தோஷத்தில், "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் அவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வருவேன் என்று நம்பி அவள் ஒரு மணி நேரம் கூடத்தைப் பூட்டாமல் காத்திருந்தாள்.

4

இதையெல்லாம் வீட்டுக்கு எப்படி எழுதுவது? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை நைனாதான் உரக்கப் படிப்பார், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அதனால், "வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன்" என்று எழுதினேன். கொஞ்ச நாளில் சுரப்பி உதிர்ந்து வயிறு மட்டும் மிஞ்சியது. பத்து வருடத்தில் நான் சீமையில் வயிற்று டாக்டர் ஆகிவிட்டேன்.

1984 டிசம்பரில் மனைவி வசந்தாவோடும் மகளோடும் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். மறுநாள் காலை பல் விளக்கி முடிப்பதற்குள் வாசலில் ஐந்து பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் டாக்டர் இல்லை என்று சொல்லச் சொல்ல, "அப்பிடித்தான் சொல்லுவாங்க பெரிய டாக்டருங்க" என்று இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் வயிறு உள்ள எல்லோரும் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. அவருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் உண்ணாமலை. எங்கள் அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே அதை ஊனா என்று சுருக்கிவிட்டார்கள். இரண்டாவது வாரம் அவளே சுருக்கிக்கொண்டாள். தமிழ் அப்போதே அவளுக்கு வாடகை வீடு மாதிரிதான், எது எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுப்பாள். விடுமுறையில் எதையாவது எண்ணிப் பட்டியல் போட்டு வரச் சொல்லி அவள் டீச்சர் ஒரு நோட்டு கொடுத்திருந்தாள். ஆடு, லாரி, குரங்கு என்று எண்ணிக்கொண்டே திரிந்தாள்.

மலையையும், அதைச் சுற்றித் திசைக்கு ஒன்றாக இருக்கும் எட்டு லிங்கத்தையும் சுற்ற வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். நைனா ஒரு காலத்தில் பௌர்ணமி தவறாமல் சுற்றுவார். மூட்டு வலி என்று இரண்டு வருடமாக நிறுத்தியிருந்தார். பேத்தி கேட்டதும் மறுக்க முடியவில்லை. விடிந்ததும் மூவரும் கிளம்பினோம்.

வாயு லிங்கத்தில் நின்றார். "நீங்க போய்க்கினே இருங்க, நான் கும்பிட்டுட்டு வர்றேன்" என்று சுவருக்குப் பின்னால் போனார். குபேர லிங்கத்திலும் அப்படியே. நடுவில் ஒரு புளியமரத்தில், ஒரு புற்றில், ஒரு பாழடைந்த மண்டபத்தில். ஈசானிய லிங்கம் தாண்டி டவுனுக்குள் நுழைவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயதாக ஆக நைனாவுக்கு எவ்வளவு பக்தி வந்துவிட்டது என்று வியந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் இதைவிட ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று அவரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

புராஸ்டேட் சுரப்பியைப் பத்து வருடம் நுண்ணோக்கியில் பார்த்தவன் நான். அன்று பதினான்கு கிலோமீட்டர் அதன் கூடவே நடந்தேன்.

5

அன்று மதியம் நிலத்தில் மோட்டார் கொட்டாய்ப் பக்கம் இருந்தோம். நைனா தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். ஊனா நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"லிங்கம் எட்டு. குரங்கு நாப்பது. தாத்தா நின்னது பதினேழு."

"சாமி கும்புட நின்னேன், கண்ணு" என்றார் நைனா.

"இல்ல தாத்தா. லிங்கம் எட்டுதான. நீ பதினேழு." பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "ஒனக்கு புராஸ்டேட் பெரிசு ஆச்சு. அப்பா வேலை அதுதான். நான் கிளாஸ்ல படம் போட்டேன். மிஸ் ஸ்டார் குடுத்தா."

நான் கடலையைக் கீழே போட்டுவிட்டு, "ஊனா" என்றேன். அவள் ஒரு குச்சியை எடுத்து வாய்க்கால் ஈரமண்ணில் வரைய ஆரம்பித்துவிட்டாள். மேலே ஒரு பை. கீழே ஒரு குழாய். குழாயைச் சுற்றி ஒரு வட்டம். "இது பெரிசு ஆனா இது மூடிக்கும். தண்ணி வராது. கொஞ்சம் கொஞ்சம் வரும். நின்னு நின்னு போணும்."

நைனா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மடை அடைச்சிக்கினு கீது" என்றார்.

"நைனா, எத்தினி நாளா இப்பிடி?" என்றேன்.

"கீது ஒரு மூணு வருசமா."

"எனக்கு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமில்ல?"

"நீ வயித்துக்குத்தானடா படிச்ச."

கொட்டாய்க்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: "தண்ணியே குடிக்கிறதில்லடா அவரு. கேட்டா தாகமில்லன்றாரு. பஸ்ஸு ஏறியே வருசம் ஆவுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனாவோ என்னைப் பார்க்கவில்லை, மண்ணில் இருந்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலிய இன்னா பண்ணுவ நீ?"

"காயடிப்போம், நைனா."

முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "காயடிச்சா?"

"இந்தச் சுரப்பி சுருங்கிடும்."

"மாட்டுக்குத் திமிலு இறங்குற மாதிரி. அப்புறம்?"

"ஆம்பள ஹார்மோன ஊசி போட்டா மறுபடி வளரும்."

"அப்ப ஒண்ணு சொல்லு. வயசு ஆவ ஆவ அந்தச் சத்து கம்மியாத்தான ஆவும்? கம்மியானா இது சுருங்கணும். எனக்கு ஏன் ஜாஸ்தியாச்சு?"

எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாரே, அதே கேள்வி. அவர் இந்தக் கேள்விக்கு வந்து சேர இருபது வருடம் ஆனது. நைனாவுக்குக் கால் மணி நேரம், ஒரு குச்சிப் படம்.

"தெரியல, நைனா. அதத்தான் தேடறோம்."

"பத்து வருசமா?"

"ஆமா."

"சரி, தேடு. அதுக்காவ என்னைக் காயடிச்சிப் பாக்காத" என்று எழுந்தார். இரண்டு அடி போனவர் திரும்பி, "எந்த ஊர் ஆசுபத்திரிக்குப் போவணும்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது டோரீன் சொன்ன, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும் புரதம் நினைவுக்கு வந்தது. பத்து வருடமாக எத்தனை நீலத் தாள் நேராக அனுப்பினேன், ஒன்றும் உள்ளே போகவில்லை.

6

வேலூருக்கு வாடகைக் கார் வைத்துப் போனோம். பதினோரு இடத்தில் நிறுத்தினோம், ஊனா எண்ணினாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, தண்ணீர் முழுவதும் இறங்காமல் தேங்கித் தேங்கிச் சிறுநீரகம் வரை வீங்கியிருக்கிறது, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். தடித்திருப்பது வெறும் வீக்கமா, வேறு ஏதாவதா என்பது அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். வேறு ஏதாவது என்றால் புற்று என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன வைத்தியம் என்பதும் தெரியும், காயடிப்பதுதான். நைனா கொட்டாயில் அடித்த ஜோக் என் காதிலேயே இருந்தது. அறுத்து எடுத்தார்கள். முடிவு வரும்வரை நாலு நாள் நான் சாப்பிடவில்லை. நைனா இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டு, என் பங்கையும் வீணாக்க வேண்டாம் என்றார்.

வெறும் வீக்கம்தான். முடிவைச் சொல்ல வந்த டாக்டரிடம் நைனா கேட்ட முதல் கேள்வி, எடுத்ததை என்ன செய்தீர்கள் என்பது.

"எதுக்குப் பெரியவரே?"

"ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்தீங்கன்னா இவன் எடுத்துக்கினு போவான். பாவம், எலிதுலயே எத்தினி நாளிக்குப் பண்ணுவான்? இத்தனூண்டு இருக்குமாம். என்னுது எலுமிச்சம்பழம் கணக்கா இருந்துச்சின்னு நர்ஸம்மா சொல்லிச்சி."

டாக்டர் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார். கொடுக்க விதி இல்லை என்றார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதை இன்றுவரை அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்காக எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் மறைத்து வைத்ததை நடு வார்டில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்டவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கிளம்பும் நாள் ஊனாவிடம் மட்டும் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். "இனிமே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சுத்துவேன். எத்தினி தடவ நின்னேன்னு ஒனக்கு எழுதறேன், கண்ணு."

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் எண்ணாக மட்டும் எழுதினார். முதல் எண் லிங்கம், இரண்டாவது எண் நிறுத்தம். 8, 8. அவள் பதிலுக்கு, நீச்சல் குளத்தில் அந்த வாரம் எத்தனை முறை போய்த் திரும்பினாள் என்று எழுதிப் போடுவாள். இந்த மூன்று வருடத்தில் அவளிடமிருந்து தமிழ் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், வசந்தா அதட்டினால் கதவு சாத்தும் சத்தம். ஆனால் அவள் அறைச் சுவரில், கிதாரோடு நிற்கும் தலைவிரி கோலக்காரர்களின் படங்களுக்கு நடுவே, அந்த நீலத் தாள்கள் எல்லாம் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன.

அந்த வரிசையில்தான் போன செவ்வாய்க்கிழமை 9 வந்து நின்றது.

7

அடி அண்ணாமலையில் எங்களுக்குத் தெரிந்த தொலைபேசி ரைஸ் மில்லில் இருக்கிறது. இணைப்புக் கிடைக்க இரண்டு மணி நேரம். கிடைத்ததும் மில்காரர் நைனாவைக் கூட்டிவரப் போக, மறுபடி பதிவு செய்து இன்னொரு மணி நேரம். அதற்குள் நான் மனத்தில் அவரை வேலூரில் சேர்த்து, அறுத்து, முடிவு வாங்கி, விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். ஊனா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு இன்னாடா ஆச்சு?" என்று நைனாதான் முதலில் அலறினார். ட்ரங்க் கால் என்றால் அவருக்கும் கெட்ட செய்திதான்.

"இங்க எல்லாம் நல்லாக் கீறோம். ஒனக்கு எப்பிடிக் கீது?"

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன்."

"ஒம்போதுன்னு எழுதியிருக்கியே."

"ஆமா. ஒம்போது."

"எட்டுதான லிங்கம். ஒம்போதாவது எங்க நின்ன?"

"ஈசானியத்தாண்ட புதுசா ஒருத்தன் டீக்கட போட்டுக்கிறான். நின்னு ஒரு டீ குடிச்சேன்."

தண்ணீர் குடிக்கவே பயந்த மனிதர், பாதி வழியில் நின்று டீ குடித்துவிட்டு, மிச்ச தூரத்தை லிங்கத்தைத் தவிர வேறெங்கும் நிற்காமல் நடந்திருக்கிறார்.

"அதையெல்லாம் எழுதணுமா, நைனா? உசுரு போயிடுச்சி எங்களுக்கு."

"நின்னா நின்னதுதானடா. கொழந்த நம்பிக் கேக்குது, பொய் எழுதச் சொல்றியா? நீ பத்து வருசம் எழுதினியே, அந்த மாதிரி?"

மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

ஊனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ குடிக்க நின்றாராம் என்றேன். அவள் ஒரு நிமிடம் யோசித்து, சிரித்து, மாடிக்குப் போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்தாள். பதினேழு என்று எழுதியிருந்த பக்கத்தைத் தாண்டி, எட்டும் எட்டுமாக நிரம்பிய பக்கங்களைத் தாண்டி, புதிய பக்கத்தில் லிங்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் அடுத்து மூன்றாவது பத்திக்கு ஒரு கோடு கிழித்தாள். அதன் தலைப்பில் என்ன எழுதுவது என்று பென்சிலைக் கடித்தவள், தாத்தாவுக்கும் புரிய வேண்டுமே, தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

ஒரே எழுத்துதான் என்றேன். எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து, மெதுவாக, படம் வரைகிற மாதிரி எழுதினாள்: டீ.

அதற்குக் கீழே 1 என்று போட்டு, தாத்தாவுக்கு அனுப்ப ஒரு நீலத் தாள் கேட்டாள்.